பகலில் தூங்குகிறவர்களின் அறை

மனை விற்கிறவனுக்கு, தான் விற்ற மண்ணில் ஒருவர் படுத்துத் தூங்குவதைப் பார்க்கக் கொடுத்துவைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க வேனில் வந்து இறங்குவார்கள். குடை பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் நடப்பார்கள். வெறும் செம்மண்ணில் நின்று, இங்கே ஹால், இங்கே சமையல்கட்டு, இங்கே பூஜை அறை என்று கையை வீசிக் காற்றில் சுவர் எழுப்புவார்கள். புளிசாதப் பொட்டலமும் மோர் பாக்கெட்டும் கொடுத்து அதே வேனில் ஏற்றி அனுப்புவோம். பத்திரம் பதிவாகும். அதன் பிறகு அந்த மண்ணில் வீடு வந்ததா, வேலிக்காத்தான் வந்ததா என்பது என் காதுக்கு வராது. இருபது வருடம் இப்படி ஓடியது. பிறகு ஒரே ஒரு கட்டடம் கட்டினேன். அதில் நான் ஆசைப்பட்டு வைத்த ஜன்னல்களால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது.

எங்களுடையது இரும்புக் கடைக் குடும்பம். சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் கம்பியும் தகடும் விற்று, சிமெண்டுக்கு வந்து, பிறகு நிலத்துக்கு வந்தவர்கள். அண்ணனுக்கு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வராது. எனக்கு எந்த இடத்திலும் உட்கார வராது. அதனால் கடை அவருக்கு, நிலம் எனக்கு என்று ஆனது. எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைக் கதை அவ்வளவுதான். காலையில் தாம்பரம் தாண்டி, படப்பையில் ஒரு டீ குடித்து, ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் போய் நிற்கும்போது என் நாள் தொடங்கும். சாயங்காலம் அதே லாரிகளுக்குப் பின்னால் முடியும்.

அந்தச் சாலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. ஏரியும் தொழிற்சாலையும் ஒன்றன் வேலிக்குள் மற்றொன்று கையை விட்டுக்கொண்டு கிடக்கிற சாலை அது. இந்தப் பக்கம் தண்ணீர். மதிலுக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகப் புதுக் கார்கள், இன்னும் யாரும் ஏறாதவை, கண்ணாடியில் வெயில் பட்டு அதுவும் ஓர் ஏரியாகத் தளும்பும். மேலே போகிற கொக்கு ஒரு கணம் இறக்கையை நிறுத்தி எதில் இறங்கலாம் என்று யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நடுவே வெள்ளை வெள்ளையாகக் கம்பெனி பஸ்கள். கழுத்தில் அட்டை தொங்க, ஜன்னலில் தலை சாய்த்து வாய் திறந்து தூங்கும் முகங்கள். தூக்கத்தை நான் பார்த்தது அந்த பஸ் ஜன்னல்களில் மட்டும்தான். அதுவும் சிக்னல் விழும்வரை.

பிள்ளைப்பாக்கத்துக்குப் பிரிகிற வழியில் நான் போட்ட லேஅவுட்டில் ஒரு மூலைத் துண்டு விற்காமல் நின்றது. பஸ்கள் வளைகிற இடம். புழுதியும் ஹாரனும் தாங்காது. பார்க்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்பக்கத்து மனைகளுக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் அந்த முனையிலேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள், தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், எதிரே இருந்த தகரக் கூரை வரிசைக்குள் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். ஓர் அறைக்குள் எட்டுப் பேர் போனதை எண்ணினேன். பத்துக்குப் பத்து அறை. பின்சுவரில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் துவாரம். அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தத் துண்டை விற்க வேண்டாம். பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல் கட்டலாம்.

அண்ணனிடம் சொன்னேன்.

"மனைக்காரன் மனையோட நிக்கணும்டா. கட்டடம் கட்டுனா குழாய் ஒழுகுது, கொசு கடிக்குதுன்னு காலையில ஆறு மணிக்கு உன்னை எழுப்புவாங்க."

"நான் நாலு மணிக்கே எழுந்துடுறேனே அண்ணா."

"அது உன் வியாதி. அதை வெச்சு பிசினஸ் பண்ணாத."

ஆனாலும் கம்பி அவர் கடையிலிருந்துதான் வந்தது. நல்ல கம்பி.

அந்தக் கட்டடத்துக்கு நான் வைத்த ஜன்னல்களைச் சொல்லியாக வேண்டும். ஆளுயர ஜன்னல்கள். அந்தத் தகரக் கூரைத் துவாரத்தை மனதில் வைத்துக்கொண்டு, அதற்குப் பழி தீர்ப்பதுபோல ஒவ்வொரு சுவரிலும் ஒன்றைத் திறந்தேன். வரைபடம் போட்ட இன்ஜினியர், "சார், இது ஹாஸ்டலா, கார் ஷோரூமா?" என்று சிரித்தார். நோட்டீசில் போட வேண்டிய வரியையும், நான் கவிதை கிறுக்குகிற நோட்டில் அடித்து அடித்து, நானே எழுதினேன்: காற்றும் வெளிச்சமும் உங்கள் அறைத் தோழிகள். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

வாஸ்துவும் என் ஆசைக்கு ஒத்துக்கொண்டது. வடகிழக்கு ஈசானிய மூலை. அது தாழ்வாக, திறப்பாக, வெளிச்சமாக இருக்க வேண்டும். தென்மேற்கு கன்னி மூலை. அது உயரமாக, கனமாக, அடைப்பாக இருக்க வேண்டும். எங்கள் குடும்பம் இதில் இன்னொரு படி போகும். நாங்கள் எழுப்புகிற கடையானாலும் கிடங்கானாலும் கன்னி மூலையில் ஓர் அறை குடும்பத்துக்கு என்று ஒதுக்கிவிடுவோம். தடித்த சுவர், ஜன்னல் கிடையாது, கூரையை ஒட்டி ஒரு சின்ன வெண்டிலேட்டர். உள்ளே கனமான மர பீரோ ஒன்று. வருடத்தில் ஒரு நாள், கிரகப்பிரவேசம் நடந்த அதே நாளில், வீட்டில் மூத்தவர் வந்து விளக்கேற்றி மணி அடித்து, கற்பூரம் காட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார். மற்ற நாளெல்லாம் அது பூட்டித்தான் இருக்கும். ரத்த சொந்தம் தவிர வேறு யாரும் அதில் தலை சாய்க்கக் கூடாது. மூலையை விட்டுக்கொடுத்தால் கட்டடம் கையை விட்டுப் போகும் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. நானும் கேட்டதில்லை. தரைத்தளத்தில் பதினாறுக்கு இருபது என்று அந்த அறையை விட்டு, பீரோவை வைத்து, பூட்டினேன்.

பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அறை ஒதுக்கும்போது வார்டன் அம்மா என்னைக் கேட்டார். அவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். அவர்கள் நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போனது, மீதிப் பாதி என் லேஅவுட்டுக்கு வந்தது. அந்த மண்ணில் ஒருகாலத்தில் வேர்க்கடலை போட்ட கை இப்போது சாவிக்கொத்தைப் பிடித்திருந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"நைட் ஷிப்ட் பொண்ணுங்க எட்டு பேரு கீதுங்க சார். அதுங்களுக்கு எந்த ரூமு?"

"பாவம், ராத்திரியெல்லாம் நிக்கிறாங்க. இருக்கறதிலேயே நல்ல ரூமா குடுங்க. ஈசானிய மூலையில ரெண்டு ரூம் இருக்கே."

மனதாரச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஜன்னல், காலைச் சூரியன் நேரே உள்ளே வந்து விழும் அறைகள். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு வருகிறவர்களுக்கு, இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் தூக்கிக் கொடுத்தேன்.

பத்து மாதம் கழித்து, ஒரு பங்குனி மாதக் காலையில் சாலையிலிருந்து கட்டடத்தை அண்ணாந்து பார்த்தேன். ஈசானிய மூலையின் ஜன்னல்கள் அத்தனையும் அடைபட்டுக் கிடந்தன. சிமெண்ட் சாக்கு, பழைய காலண்டர், பாதிப் புடவை, உதிரிபாகங்கள் வருகிற பழுப்பு அட்டை. என் கண்ணில் யாரோ பிளாஸ்திரி ஒட்டியதுபோல இருந்தது.

"என்னம்மா இது, நல்லா இருக்கிற ஜன்னலை?" என்று வார்டனைக் கேட்டேன்.

"இன்னாத்த சொல்றது சார். பகல்ல தூங்குதுங்க, வெளிச்சம் ஆவலையாம். ஒண்ணு மீன் சுத்தியாந்த பேப்பரை ஒட்டிக்கினு கீது. ஊர்ப் பூனையெல்லாம் அந்த ஜன்னலையே சுத்திக்கினு கீது."

அந்த வாரம்தான் ஒரு கம்பெனியிலிருந்து கட்டடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. புதுப் பெண்கள் ஒரு தொகுதியாக வருகிறார்கள், எங்களிடமே தங்கவைக்கலாமா என்று பார்க்க. புது நோட்டீசுக்குப் படம் எடுக்க ஆளும் சொல்லிவைத்திருந்தேன். "எல்லாத்தையும் எடுத்துடுங்க. பசை தெரியாம சுரண்டிடுங்க" என்றேன்.

"அதுங்க கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

வந்தவர்கள் ஜன்னல்களைப் பார்த்துப் புகழ்ந்தார்கள். படமும் நன்றாக வந்தது. பிறகு நான் அதை மறந்துவிட்டேன். வார்டன் மறக்கவில்லை. நான் சொன்னதை அவர் ஒருநாள் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை, கட்டடத்துச் சட்டமாக எடுத்துக்கொண்டார். படிக்கட்டின் கீழே அட்டையில் எழுதி மாட்டிவிட்டார்: ஜன்னலில் எதுவும் ஒட்டக் கூடாது. மீறினால் ரூம் காலி.

மூன்று வாரம் கழித்து, சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை, பத்து மணி இருக்கும். தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். கண் இரண்டும் மிளகாய்த்தூள் பட்டதுபோலச் சிவந்திருந்தன.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்."

வார்டன் பின்னாலேயே ஓடி வந்தார். "அண்ணாச்சியா? ஏ பொண்ணு, சாரு இன்னா மளிகைக் கடை வெச்சிக்கினு உளுந்து போடுறாரா? சார்னு கூப்புடு."

"எங்க திருநெல்வேலிப் பக்கம் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவோம் அக்கா." என்னைப் பார்த்தாள். "சார், ஜன்னல்ல திரும்ப அட்டையை ஒட்டிக்கிடட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். ரொம்ப நேரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் என்று தோன்றியது.

"ராத்திரி பத்தரைக்கு லைன்ல நின்னா காலைல ஆறரைக்குத்தான் விடுவாவ. வந்து குளிச்சி, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்தா, சரியா அந்நேரத்துக்கு வெயில் வந்து மூஞ்சில உக்காருது. திரும்பிப் படுத்தா அந்தப் பக்கம் இன்னொரு ஜன்னல். போர்வையைப் போத்துனா அவிஞ்சு போவுது. மூணு வாரமா ஒறக்கமே இல்ல சார். போன வாரம் லைன்ல நின்னமேனிக்குக் கண்ணசந்துட்டேன். முத வார்னிங். முந்தாநேத்து மறுபடியும். ரெண்டாவது."

"மூணாவது வந்தா?"

"பையைத் தூக்கிட்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்."

"இன்னும் எவ்வளவு நாள் நைட்?"

"முப்பத்திரெண்டு நாளு." யோசிக்காமல் சொன்னாள். "அதைத் தாண்டிட்டா பகல் ஷிப்டு. பிறகு குவாலிட்டி டேபிளுக்கு என்னைய எடுக்கேன்னு சொல்லியிருக்காவ. உக்காந்து பாக்குத வேலை."

"ஒட்டிக்கங்க. இப்பவே ஒட்டிக்கங்க" என்றேன்.

அவள் உடனே போகவில்லை. "ஒட்டுனாலும் ஓரத்துல வெளிச்சம் வரத்தான் செய்யும் சார். அட்டை சின்னது, ஜன்னல் பெருசு. நீங்க நல்ல வீடாத்தான் கெட்டியிருக்கிய. பகல்ல முழிச்சிருக்கவங்களுக்கு."

கோபமில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டுத் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு படியேறினாள். பகல் வெளிச்சத்தில் நடந்து போனதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

"கட்டிலுக்கு அடியில படுத்துக்கினு தூங்குதுங்க சார்" என்றார் வார்டன், மெதுவாக. "நேத்து பெருக்கப் போனேன். மேல படுக்கை காலியா கீது, கீழ கால் நீட்டிக்கினு கீது. பயந்தே போய்ட்டேன்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சட்டம் நீங்க போட்டது. நான் இன்னா சொல்றது?"

ஈசானிய மூலையில், மேல்தளத்தில், அதே அளவில் ஓர் அறை காலியாக இருந்தது. வார்டனிடம் சாவி வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் படுத்தேன். நான் கட்டிய கட்டடத்தில் நான் படுத்தது அதுதான் முதல் தடவை. வெயில் கண்ணிமைக்கு மேல் ஈரத்துணிபோல ஒட்டியது, ஈரம் மட்டும் இல்லை. இமையை மூடினாலும் உள்ளே சிவப்பு. ஜன்னலைச் சாத்தினேன், அடுப்பு. திறந்தேன், ஹாரன். கீழே பஸ் வளைகிறது, பின்னால் வருகிற லாரி பொறுக்காமல் கத்துகிறது, ஷேர் ஆட்டோக்காரர், "படப்பை படப்பை" என்று கூவுகிறார். கைக்குட்டையைக் கண்ணில் கட்டிப் பார்த்தேன். கால் மணி நேரம். எழுந்துவிட்டேன். திரைத்துணி தைத்துப் போட்டுவிடலாம் என்றுதான் மேலே போயிருந்தேன். வெளிச்சத்துக்குத் திரை போடலாம். சூட்டுக்கும் சத்தத்துக்கும் எதைப் போடுவது?

கீழே வந்து காரில் ஏறப் போனவன், என்னவோ தோன்றி, கன்னி மூலை அறையைத் திறந்தேன். கொஞ்சம் தனியாக உட்கார்ந்து யோசிக்கலாம் என்றுதான். கதவைச் சாத்தினேன். இருட்டு. கிணற்றுக்குள் இறங்கின மாதிரி ஒரு குளிர்ச்சி. சாலை கட்டடத்தின் மறுபக்கம், அதன் சத்தம் இந்தச் சுவருக்கு வந்து சேர்வதற்குள் களைத்துவிடுகிறது. பீரோவின் மர வாசனை. தரையில் உட்கார்ந்தேன். சாய்ந்தேன்.

கதவு தட்டுகிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

"சார்! சார், உயிரோட கீறீங்களா?"

மணியைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருக்கிறேன். நினைவு தெரிந்து பகலில் தூங்கியதில்லை நான். ராத்திரித் தூக்கமே எனக்குக் கோழித் தூக்கம். எழுந்து உட்கார்ந்தபோது உடம்பு லேசாக இருந்தது. வருடக்கணக்காக ஆட்டிக்கொண்டிருந்த காலை ஒருவர் பிடித்து நிறுத்தியதுபோல.

"அந்த எட்டு பேரையும் பாயோட இங்க வரச் சொல்லுங்க" என்றேன்.

வார்டன் அசையவில்லை. "சார், இது குடும்ப ரூமாச்சே. பெரிய சாரு கேட்டா?"

"அவர் கிரகப்பிரவேச நாளுக்குத்தானே வருவார்."

"அது எப்போ?"

அலைபேசியில் நாள்காட்டியைப் பார்த்தேன். அன்றிலிருந்து முப்பதாவது நாள். அந்தப் பெண்ணுக்கு முப்பத்திரண்டு.

அன்றைக்கு ஒருநாள் மட்டும் அறையைக் காலி செய்துவிடலாம் என்று அப்போது சுலபமாக நினைத்தேன். எங்கள் வழக்கப்படி மூத்தவர் காலை பத்தரைக்கு மேல்தான் விளக்கேற்றுவார். அவர்கள் தூக்கத்தின் நட்டநடு நேரம் அது. யோசிக்க யோசிக்க அந்த ஒரு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. அன்று தூக்கம் கெட்டால், அன்று ராத்திரி லைனில் அவள் கண் மூடினால், முப்பது நாள் தாக்குப்பிடித்தது எதற்கு? அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று தினமும் அலைபேசியை எடுத்தேன். தினமும் கம்பி விலை பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

இதற்கிடையில் அந்த அறைக்கு அதன் சொந்தச் சட்டங்கள் வந்தன. வார்டன் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. செருப்பு வெளியே. அலைபேசி வாயடைத்து இருக்க வேண்டும். கட்டில் வேண்டாம், நகர்த்தினால் சத்தம், பாய் போதும். உள்ளே வருவதற்கு முன் கொலுசைக் கழற்ற வேண்டும். வார்டன் எனக்குச் சொன்ன தகவல் இது: எட்டு ஜோடிக் கொலுசும் எங்கள் குடும்ப பீரோவின் பித்தளைக் கைப்பிடியில் வரிசையாகத் தொங்குகின்றன.

எனக்கும் வேலை வந்துவிட்டது. பஸ் வளைகிற முனையில் ஒரு பலகை வைத்தேன். ஹாரன் அடிக்காதீர்கள், பெண்கள் தூங்குகிறார்கள். முதல்நாளே ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திப் படித்துவிட்டு, "இன்னா சார், பத்து மணிக்குத் தூங்குறாங்களா? எங்க வூட்ல இப்டி ஒரு போர்டு வெச்சா என் பொண்டாட்டி அதாலயே அடிப்பா" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த முனையில் கூவவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்க் கூவினார். லாரிக்காரர்கள் பலகையை மதித்தார்கள் என்று சொல்லமாட்டேன்.

நாட்கள் போயின. காலையில் நான் வரும்போது வார்டனின் முகத்தைப் பார்ப்பேன். அவர் இல்லை என்று தலையாட்டுவார். மூன்றாவது வார்னிங் இல்லை. இருபது நாள் இல்லை. இருபத்தைந்து நாள் இல்லை.

வைகாசியில் அந்த நாள் வந்தது. அண்ணன் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்துக்கே வந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவர் எழுந்தால் முன்னதாகவே எழுவார் போல. வெள்ளை வேட்டி, கையில் பித்தளைத் தட்டு, அதில் தேங்காய், வாழைப்பழம், கற்பூரம், எங்கள் வீட்டுப் பழைய மணி.

"சாவி எங்கடா?"

"அண்ணா, உள்ள ஆள் இருக்காங்க."

"உள்ளன்னா?"

"நம்ம ரூம்ல. எட்டு பொண்ணுங்க. தூங்குறாங்க."

தட்டில் தேங்காய் லேசாக உருண்டது. அவர் என்னைப் பார்த்தார், நடைபாதையில் வரிசையாக இருந்த எட்டு ஜோடிச் செருப்பைப் பார்த்தார்.

"எழுப்பு."

"நைட் ஷிப்ட் அண்ணா. அதுல ஒரு பொண்ணுக்கு ரெண்டு வார்னிங் ஆயிடுச்சு, நம்ம ஜன்னலால. இன்னும் ரெண்டு ராத்திரி தூங்காம நின்னுட்டா தப்பிச்சிடும். இன்னைக்கு எழுப்பினா..."

"கன்னி மூலையை விட்டுக்கொடுத்தவன் உருப்பட்டதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? நீ கவிதை எழுதுற நோட்டாடா இது, இஷ்டத்துக்கு அடிச்சு எழுத?"

நடந்ததைச் சொன்னேன். "நானும் அதுல தூங்கிட்டேன் அண்ணா. ஒரு மணி நேரம்."

"நீயா?"

"ஆமா."

"பகல்லயா?"

"பதினோரு மணிக்கு. வார்டன் அம்மா வந்து தட்டுனப்புறம்தான் முழிச்சேன்."

எட்டுப் பேர் தூங்கியதைவிட இது அவரை அதிகம் அசைத்துவிட்டது. சின்ன வயதில் ஒரே அறையில் படுத்தவர்கள் நாங்கள். ராத்திரி நான் எழுந்து நடப்பதையும், ஜன்னலில் நிற்பதையும், திரும்ப வந்து படுப்பதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர் அவர்.

வார்டன் அதுவரை சுவரோரம் நின்றிருந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பெரிய சாரு, நான் படிக்காதவ. தப்பா இருந்தா திட்டுங்க. அந்த மூலை கனமா இருக்கணும்னு சொல்றீங்க. ஒரு மர பீரோ வெச்சிக்கீறீங்க. இப்போ எட்டு பொண்ணுங்க படுத்துக்கினு கீதுங்க. இதுக்கு மேல இன்னா கனம் வேணும்?"

அண்ணன் சிரிக்கவில்லை. தட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அந்த வரிசையின் கடைசியில், ஒன்பதாவதாக, சத்தமில்லாமல் வைத்தார்.

உள்ளே போகவில்லை. பெண்கள் தூங்குகிற அறை. கதவு நிலைக்கு வெளியே, வாசற்படியில், சின்ன விளக்கை வைத்து ஏற்றினார். கற்பூரம் காட்டினார். மணியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. இடது கையின் இரண்டு விரலை மணிக்குள் விட்டு, அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே ஆட்டினார். ஒலியில்லாத மணி, விளக்குக்கு முன்னால், முழு நேரமும் ஆடியது. உதடு மட்டும் அசைந்தது. தேங்காயை அங்கே உடைக்கவில்லை. எடுத்துக்கொண்டு வெளிவாசலுக்குப் போய், ஒரு பஸ் வளைந்து உறுமுகிற நேரம் பார்த்து, அந்தச் சத்தத்தோடு சத்தமாகக் கல்லில் அடித்தார். திரும்பி வந்து, தேங்காயைக் கீறச் சொல்லி, வாழையிலையில் எட்டுச் சில்லு வைத்து, செருப்புகளுக்கு எதிர்ப்பக்கம், சுவரோரமாக வைத்தார்.

காரில் ஏறும்போது, "அம்மா இருந்திருந்தா உன்னை என்ன செஞ்சிருப்பாங்க தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன்.

அந்த இரண்டு ராத்திரியும் போயின. மூன்றாவது வார்னிங் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, மாலையில், மோட்டார் பக்கத்தில் நின்றபோது அந்தப் பெண் வந்தாள். சீருடையில் இருந்தாள். கண் வெள்ளையாக இருந்தது. முதல் தடவையாக அதன் நிறத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"அண்ணாச்சி," என்றாள். வார்டன் இந்தத் தடவை திருத்தவில்லை. "திங்கக்கிழமை குவாலிட்டி டேபிள்."

"நல்லது. என்ன வேணும்?"

"அந்த ஜன்னல் ரூமைத் திரும்பக் குடுத்துருங்க. எனக்கு இனி பகல் ஷிப்டு. துணி காயும். சாயங்காலம் காத்து வருது."

கொடுத்தோம். கன்னி மூலைக்கு அடுத்த எட்டுப் பேர் வந்தார்கள். பலகை இன்னும் முனையில் நிற்கிறது, யாரோ ஒரு லாரி அதன் காலை வளைத்துவிட்டது.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டார். கம்பி பற்றிப் பேசினார், சிமெண்ட் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்தும் வைக்கவில்லை.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல. இப்பல்லாம் எனக்கும் சரியா தூக்கம் வரதில்லடா. அந்த ரூம்ல ஆள் இல்லாத நேரமா பாத்துச் சொல்லு. வந்து ஒரு மணி நேரம் படுத்துப் பாக்கறேன்."

பகலில் ஆள் இல்லாத நேரமே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வார்டனிடம் கேட்டேன். அவர் ஷிப்ட் அட்டையை விரித்துவைத்துக்கொண்டு, விரலால் கோடு கோடாகத் தடவிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாம் ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போவுதுங்க சார். வரச் சொல்லுங்க. பாயி கொண்டாரச் சொல்லுங்க. செருப்பை வெளிய வுடச் சொல்லுங்க."